வெள்ளிக்கிழமைச் சிரிப்பு

கீழே துரைப்பாண்டி அண்ணன் ஜெராக்ஸ் மிஷினைப் போட்டுவிட்டார், மாடித் தரை லேசாக அதிர ஆரம்பித்துவிட்டது, மாரிச்செல்வி இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஒன்றுமே எழுதவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. 'முன்னுரை' என்று எழுதியிருக்கிறாள், அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள், அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. கோடு போட ஒரு போட்டி வைத்தால் இந்தப் பிள்ளை இந்நேரம் மெட்ராஸ் என்ன, டில்லிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சண்முகக்கனி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் கனி மிஸ். பத்தாம் வகுப்புத் தமிழ் டியூஷன், அதிலும் கட்டுரை வராத பிள்ளைகளை அவளிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். இன்றைக்கு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு இவளை மட்டும் உட்கார வைத்திருக்கிறாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து பெஞ்சில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "மிஸ், இந்த வருஷ நோட்ஸ் போட்டுரவா?" என்று கீழேயிருந்து அண்ணன் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாயிற்று. "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொன்னாள். எதற்குப் பொறுக்கச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியவில்லையாவது, நன்றாகத் தெரியும். நோட்ஸின் முதல் பக்கத்தில் இருக்கிறது அந்த முன்னுரை. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் மாட்டிவிட்ட முன்னுரை.

மாட்டிக்கொண்ட கதையை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது, சிரிக்கத்தான் முடியவில்லை. மாநில அளவில் கட்டுரைப் போட்டி, மெட்ராஸில். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். அதற்காக வைத்த பரீட்சையில் 'தண்ணீரின் அருமை' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மாரிச்செல்வியும் எழுதினாள், ஜெனிஃபர் என்று இன்னொரு பிள்ளையும் எழுதினாள், இரண்டு பேருமே ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள்: 'வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும். அன்றைக்கு மட்டும் என் அம்மா சிரிப்பார்.' எச்.எம். இந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அம்மா, எதையும் வரிவிடாமல் படிக்கிற ஆள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாரிச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டாராம், "உங்க தெருவுக்கு என்னைக்கித் தண்ணி?" "புதன்கிழமை மிஸ்." "அப்ப வெள்ளிக்கிழமை உங்க அம்மா எதுக்குச் சிரிச்சாங்க?" ஜெனிஃபர் அழுது தப்பித்துவிட்டாள், போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இவளுக்கு அழவும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "நாளைக்கி மொத பீரியடு என் ரூமுக்கு வா. நான் தலைப்பு குடுப்பேன், என் முன்னாடி உக்காந்து எழுதணும். சொந்தமா எழுதுனா நீ மெட்ராஸ் போற. இல்லன்னா ப்ரேயர்ல ஏத்தி, இந்தப் பிள்ள காப்பியடிச்சிருக்குன்னு நானே சொல்லுவேன்." நேரே இங்கே ஓடிவந்து பையை இறக்காமலேயே ஒப்பித்தாள் மாரிச்செல்வி. கடைசியில் சொன்னாள், "ப்ரேயர்ல ஏத்திட்டாங்கன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் மிஸ், அம்மாகூட தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவேன்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. அதுதான் கனிக்குப் பயமாக இருந்தது. போதாததற்கு, மெட்ராஸ் போக அவள் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்ப என்று பேச்சை எடுத்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாளாம். அது ஒரு தனி மலை. முதலில் இந்த மலையைத் தாண்டட்டும். "மிஸ், இன்னைக்கி புதன், தண்ணி வரும், நான் சீக்கிரம் போகணும்" என்று வேறு நடுவில் ஒரு தடவை சொன்னாள். "முதல்ல ஒரு வரி எழுதுட்டி, அப்புறம் தண்ணி பிடிக்கலாம்" என்று கனி அதட்டினாள். அதட்டினாளே தவிர, கோபம் வரவில்லை. ஏனென்றால் இந்தப் பிள்ளை திருடியது ஜெனிஃபரிடமிருந்தும் இல்லை, பார்க்கப்போனால் நோட்ஸிலிருந்தும் இல்லை. அந்த அம்மா யாருடைய அம்மா என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

அது கனியின் அம்மா. வேலம்மாள். தீப்பெட்டி செய்கிற ஆபீசில் குச்சி அடுக்கியவள், செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கனி பத்தாவது படிக்கும்போது இதே தலைப்புக்கு அந்த இரண்டு வரியை எழுதினாள், தமிழய்யா வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கரும்பலகையில் எழுதிப் போட்டார், எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த வரிகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. அடுத்த வகுப்புக்குப் போயின, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயின, யாரோ நோட்ஸில் சேர்த்தார்கள், நோட்ஸை யாரோ ஜெராக்ஸ் போட்டார்கள். டியூஷன் எடுக்க ஆரம்பித்த புதிதில், எங்கிருந்தோ வந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்து முன்னுரை ஒப்பித்தபோது கனிக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாடி, இது எப்படி இங்கே வந்தது! சொல்லியிருக்கலாம், இது நான் எழுதினதும்மா என்று. சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று ஒரு எண்ணம். நிற்கவேண்டாம், நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தன்னுடைய நோட்ஸிலும் முதல் பக்கமாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பரீட்சைக்கும் தாளைத் திருத்த உட்கார்ந்தால் அம்மா சிரிக்கிறாள், கோணல் கையெழுத்தில் சிரிக்கிறாள், மணி மணியான கையெழுத்தில் சிரிக்கிறாள், நீல மையில், கறுப்பு மையில், அடித்துத் திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு தடவை திருச்செந்தூர் போய்விட்டு வரும்போது பஸ் நின்ற இடத்தில் வடை வாங்கினாள், மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் எவனோ ஒரு பையனின் விடைத்தாள், எண்ணெய் ஊறிய இடத்தில் 'என் அம்மா சிரிப்பார்'. முன்பின் தெரியாத ஊர், பார்த்தேயிராத பையன். வடையைச் சாப்பிட்டாளோ இல்லையோ, அந்தத் தாளை மடித்து மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டாள், அப்புறம் எத்தனை நாளைக்கு ரூபாயெல்லாம் வடை வாசம் அடித்தது. அதை நினைத்தால் இப்பவும் உடம்பு சிலிர்க்கிறது. இந்தச் சீமையைத் தாண்டிப் போகாத பொம்பளை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று சொல்கிற பொம்பளை, எத்தனை ஊர் போய்விட்டாள், எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மாவாகிவிட்டாள். கையளவு தாளில் ஒரு பிள்ளை எழுதின இரண்டு வரிக்கு இவ்வளவு கால் உண்டா? இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும், சொன்னால் மிஸ்ஸுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள்.

"மிஸ்." மாரிச்செல்வி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி?" "அந்த அம்மா எதுக்கு மிஸ் சிரிச்சாங்க?" "எந்த அம்மா?" தெரிந்தேதான் கேட்டாள். "அதான் மிஸ், நோட்ஸ்ல வர்ற அம்மா. தண்ணி வந்தா எதுக்குச் சிரிக்கணும்? எச்.எம். கேட்டதுலருந்து நானும் யோசிச்சிட்டே இருக்கேன், எனக்கு வரவே மாட்டேங்குது." இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் அதை ஒப்பித்திருக்கும், ஒன்றாவது கேட்டதா? தமிழய்யா கேட்டாரா? கனி வாயைத் திறந்தாள் பதில் சொல்ல. எதுக்குச் சிரித்தாள்? தெருக்குழாய் ஞாபகம் இருக்கிறது, அடியில் பாசி பிடித்த சிமெண்டுத் தொட்டி ஞாபகம் இருக்கிறது, வரிசையில் குடத்துக்குப் பதிலாகக் கல்லை வைத்து இடம்பிடிக்கிற எதிர்வீட்டு அக்காவின் சண்டைக்குரல்கூட ஞாபகம் இருக்கிறது. அம்மா குனிகிறாள், குடத்தை வைக்கிறாள், முந்தானையை இடுப்பில் சொருகுகிறாள், நிமிர்கிறாள். நிமிர்ந்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பைத் தேடினால் 'சிரிப்பார்' என்ற எழுத்துத்தான் வருகிறது. கரும்பலகையில் தமிழய்யா எழுதின எழுத்து, நோட்ஸில் அச்சான எழுத்து, வடைத் தாளில் எண்ணெய் ஊறின எழுத்து. ஒருவேளை அம்மா சிரிக்கவே இல்லையோ? கட்டுரைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நானாக எழுதிவிட்டேனோ? அம்மா சிரிக்கிற ஆளா? ஆபீசிலிருந்து வரும்போதே கையில் தீக்குச்சி மருந்து வாசத்தோடு, முகத்தில் தூக்கத்தோடு வருகிறவள். கணக்குப் பார்த்தால் சிரித்த ஞாபகமே இல்லை. சிரிக்காத பொம்பளையைப் போய் ஊர் ஊராகச் சிரிக்க வைத்திருக்கிறேனா? இல்லை, சிரித்தாள், சிரித்திருப்பாள், சிரிக்காமல் எப்படி எழுதுவேன், பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு பொய் சொல்லத் தெரியுமா? ஏன் தெரியாது, பொருட்காட்சியையே பார்க்காத பிள்ளைகள் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று பக்கம் பக்கமாக எழுதவில்லையா, அதைச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து இடித்துக்கொண்டு நின்றது மனசு. இத்தனை நாளும் எழுத்தில் அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துத்தான் இருக்கிறது, அம்மாவைக் காணோம்.

"மிஸ்?" "தெரியலட்டி" என்றாள் கனி. அது நிஜமான பதில், அதைவிட நிஜமாக அவள் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் சொன்னதில்லை. "அத விடு. உங்க வீட்டுல தண்ணி வந்தா உங்க அம்மா என்ன செய்வாங்க, சிரிப்பாங்களா?" "எங்க அம்மாவா? வைவாங்க மிஸ்." "என்னன்னு?" "எல்லாம்தான். குடத்த எடுன்னு வைவாங்க, எடுத்துட்டுப் போனா இந்தக் குடத்தயா எடுக்கச் சொன்னேன்னு வைவாங்க, தண்ணி சிந்துனா உங்கப்பன் வீட்டுத் தண்ணியான்னு வைவாங்க." கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத எழுது." மாரிச்செல்வி கண்ணை அகல விரித்தாள். "வையிறதயா? கட்டுரையிலயா? மார்க்கு போடுவாங்களா மிஸ்?" "நான் போடுறேன். எழுது." பிள்ளை நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் குனிந்தது. பேனா முனை தாளைத் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது. ஓட ஆரம்பித்தது. கனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாய் அவளைக் கேட்காமலேயே துறுதுறுத்தது, உட்தலைப்பு போடு, பத்தி பிரி, மேற்கோள் ஒன்று சேர் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பேசாமல் இரு, இப்போது நீ ஒரு வார்த்தை பேசினாலும் அது நின்றுவிடும் என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள். ஒப்பித்ததை எழுதுகிற கையை அவளுக்குத் தெரியும், அது ஒரே வேகத்தில் போகும், தலை நிமிராது. இந்தக் கை அப்படியில்லை. நிற்கிறது, யோசிக்கிறது, ஒரு சொல்லை அடிக்கிறது, ஜன்னலைப் பார்க்கிறது, எதையோ பிடித்துக்கொண்டு திடுதிடுவென்று ஓடுகிறது. உதடு அசைகிறது. ஒரு இடத்தில் தானாகச் சிரித்துக்கொள்கிறது. இதோ இந்த நிமிஷத்துக்கு முன்னால் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு வரி, எந்த நோட்ஸிலும் இல்லாத வரி, இந்த பெஞ்சில், ஜெராக்ஸ் கடை மாடியில், ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளையின் கைக்குக் கீழே வந்து உட்காருகிறது. எங்கேயிருந்து வருகிறது அது? இத்தனை வருஷம் கட்டுரை சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாளே, இப்படி ஒன்று பிறப்பதை இதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கோயிலில் தீபாராதனை காட்டும்போது கையைக் கூப்பத் தோன்றுமே, அப்படித் தோன்றியது அவளுக்கு. கூப்பினால் பிள்ளை பயந்துவிடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிச்சிட்டேன் மிஸ், சின்னதாதான் வந்திருக்கு" என்று தாளைத் தள்ளினாள் மாரிச்செல்வி. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கனி படிக்க ஆரம்பித்தாள், பழக்கம். 'புதன்கிழமை எங்கள் வீட்டில் சத்தமாக இருக்கும். தண்ணீர் வரும் நாளில் என் அம்மா என்னைத் திட்டுவார், குடத்தைத் திட்டுவார், குழாயையும் திட்டுவார். கடைசிக் குடம் நிறைந்ததும் உடனே குழாயை அடைக்கமாட்டார். ஒரு கையை நீட்டி, முழங்கை வரைக்கும் தண்ணீரை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். தண்ணீரை வீணாக்காதே என்று எங்களைத் திட்டுபவர் அப்போது மட்டும் வீணாக்குவார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் என் அம்மா சரி என்று சொல்லுவார். இந்தப் பேனாவும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான்.' அவ்வளவுதான். கனி திரும்பவும் மேலேயிருந்து படித்தாள். முழங்கை வரைக்கும் என்கிற இடத்தில் கண் நின்றது. முழங்கை வரைக்கும். மருந்து வாசம் போக. ஆமாம், மருந்து வாசம் போகத்தான், அந்த வாசம் எந்த சோப்புக்கும் போகாது, ஓடுகிற தண்ணீருக்குத்தான் கொஞ்சம் போகும். அம்மாவும் நிற்பாள். பாசி பிடித்த தொட்டிக்கு மேலே வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு கையை நீட்டி நிற்பாள், பின்னால் குடத்தோடு நிற்கிற அக்கா கத்தினாலும் காதில் வாங்கமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நிற்கும்போது கனி பக்கத்தில் போய்க் கேட்டாள். ஒன்பதாவது முடிந்த லீவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஆபீசுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்தது இவள்தான் என்று வீட்டில் பேச்சு. "அம்மா, நான் ஆபீசுக்குப் போகலம்மா, பத்தாவது படிக்கட்டா?" அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்புறம் மூக்கு வழியாக ஒரு சத்தம், வாய் திறக்காமல், தோள் ஒரு தடவை குலுங்கியது, மூக்குத்தி ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. "படியேன். யாரு வேண்டாம்னா" என்றாள். அந்தச் சத்தம். அதுதான் சிரிப்பு. வாரா வாரம் வந்தது இல்லை அது, 'அன்றைக்கு மட்டும்' என்று எழுதினாளே, நிஜமாகவே அன்றைக்கு மட்டும்தான். கனிக்கு இப்போது அந்த முகம் முழுசாகத் தெரிந்தது, கன்னத்தில் தெறித்த தண்ணீரோடு தெரிந்தது. யாருடைய பிள்ளையோ யாருடைய அம்மாவையோ பார்த்து எழுதின வரியில் போய் இவள் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். கண்ணில் நீர் பொங்கி வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"மிஸ்! அழுறீங்களா? தப்பா மிஸ்?" மாரிச்செல்வி எழுந்தே நின்றுவிட்டாள். "தப்பெல்லாம் இல்லட்டி." சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். திருத்துவதற்கு ஒரு இடமும் இல்லை அந்தத் தாளில். "நோட்ஸ்ல வர்ற அம்மா, எங்க அம்மாட்டி. பத்தாவது படிக்கும்போது நான் எழுதுனது அது." பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. "அய்யய்யோ மிஸ்! அப்ப நாங்க எல்லாரும் உங்க அம்மாவப் பத்தியா எழுதிட்டு இருந்தோம்?" "ஆமா." "ஜெனிஃபரும்?" "ஜெனிஃபரும்தான்." பொத்தின கையை இறக்கினாள். அப்புறம் மெதுவாக, கோயிலில் பேசுகிற குரலில் கேட்டாள், "அவங்க பேரு என்ன மிஸ்?" "வேலம்மா." பிள்ளை அதை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. இத்தனை ஊர் போன பொம்பளைக்கு இன்றைக்குத்தான் ஒருத்தி பேர் கேட்டிருக்கிறாள்.

கீழே மிஷின் நின்றது. "மிஸ், உங்க நோட்ஸ ஆரம்பிச்சிரவா?" கனி ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். "ஆரம்பிங்கண்ணே. மொதப் பக்கம் வேண்டாம், அத மட்டும் எடுத்து மேல குடுத்து விட்டுருங்க." "மொதப் பக்கமா? அதுதான மிஸ் நல்லா போகும்?" "நல்லாத்தாண்ணே போச்சு. போதும், அது வீட்டுக்கு வரட்டும்." அண்ணனுக்குப் புரிந்திருக்காது, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மாரிச்செல்வி அதற்குள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். "மிஸ், நாளைக்கி எச்.எம். முன்னாடி இதயே எழுதிரட்டா?" "இதயே எழுதுனா அதுக்குப் பேரும் காப்பிதான். அந்தம்மா வேற தலைப்புதான் குடுப்பாங்க. என்ன குடுத்தாலும் முன்னுரைன்னு எழுதிட்டு, கோடு போடாம, இப்ப பாத்தியே ஜன்னல, அப்படி ஒரு தடவ பாரு. வரும்." "வருமா மிஸ்?" "வரும்." எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்று கனிக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் சந்தேகம் துளிகூட இல்லை. படி வரைக்கும் போன பிள்ளை சட்டென்று நின்றது. என்னமோ தோன்றிவிட்டது, முகமெல்லாம் விளக்குப் போட்டாற்போல் ஆகிவிட்டது. "மிஸ், இன்னைக்கி புதன்ல! தண்ணி வந்திருக்கும்ல! மெட்ராஸ் போகட்டான்னு இன்னைக்கே கேட்டுருவேன் மிஸ்!" சொன்ன வேகத்தில் தடதடவென்று படியிறங்கிவிட்டாள், ஒரு பக்கத்துச் சடை ரிப்பன் அவிழ்ந்து முதுகில் ஆட ஆடத் தெருவில் ஓடினாள். கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"ஏட்டி மாரி! கடைசிக் குடம் நெறையட்டும்! அதுக்கு முன்னாடி கேட்டுறாத!"